அவசர யானைகளுக்கு ஒன்றரை நட்சத்திரம்

பர்பேங்க், கலிஃபோர்னியா
1987 ஜூலை 6

டோரீன்,

'அன்புள்ள' என்று ஆரம்பிக்கக் கை வரவில்லை. மன்னித்துக்கொள். மன்னிக்காவிட்டாலும் சரி.

உன் விமர்சனத்தைப் படித்தேன். நீ அனுப்பி அல்ல. இன்று காலைக் கூட்டத்தில், படத்துக்குப் பணம் போட்ட பொம்மைக் கம்பெனிக்காரர்கள் பதினாலு பிரதி எடுத்து ஆளுக்கொன்றாகக் கொடுத்தார்கள். என் கைக்கு வந்ததில் யாரோ சிவப்புப் பேனாவால் உன் பெயருக்குக் கீழே கோடு போட்டு, ஓரத்தில் ஒரு கேள்விக்குறியும் வைத்திருந்தார்கள். எதிரே உட்கார்ந்திருந்த விற்பனைப் பிரிவுப் பெண், "ஆர்லோ, டிரேக்சல்னு போட்டிருக்கே, உங்க சொந்தமா?" என்று கேட்டாள். "எங்க துலூத்துல தெருவுக்கு நாலு டிரேக்சல் இருக்காங்க" என்றேன். இல்லை என்பது உனக்குத் தெரியும். தொலைபேசிப் புத்தகத்திலேயே உன் ஒருத்தி பெயர்தான் இருக்கிறது. நாற்பது வயதில் பதினான்கு பேர் முன்னால் சொந்த அக்காவை இல்லையென்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆமாம், 'அவசர யானைகள்' நான் வேலை பார்த்த படம். இரண்டரை வருஷம். நான் என்ன செய்கிறேன் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை, அதனால் சொல்கிறேன். யானையை அசைய வைப்பவர்கள் வேறு ஆட்கள். அதற்கு முன்னால், காட்சி எப்படி நடக்க வேண்டும் என்று சின்னச் சின்னக் கட்டங்களாக வரைந்து சுவரில் குத்தி வைப்பவன் நான். படத்தின் முடிவில் என் பெயர் வருகிறது. நாற்பத்தேழாவது பெயர். நீ பார்த்திருக்க மாட்டாய். கடைசிப் பாட்டு ஆரம்பிக்கும்போதே கைப்பையை மாட்டிக்கொண்டு எழுந்து போகிறவள் நீ.

ஒன்றரை நட்சத்திரம் கொடுத்திருக்கிறாய். கொடுத்துக்கொள். 'வெட்கமே இல்லாத விளம்பரம்' என்று எழுதியிருக்கிறாய். எங்கள் அறைக்குள் நாங்கள் அதைவிட மோசமாகப் பேசியிருக்கிறோம். எனக்குப் பொறுக்காதது ஏழாவது பத்தி. நீ எழுதியதை உனக்கே எழுதிக் காட்டுகிறேன்:

'படத்தின் ஆகப் பொய்யான இடம் நாற்பத்தெட்டாவது நிமிடத்தில் வருகிறது. தாய் யானை நோயுற்று மருத்துவமனையில் கிடக்கிறாள். குட்டி யானை துளியை உள்ளே விடவில்லை. கீழே புல்வெளியில் நின்று ஜன்னலைப் பார்க்கிற துளி என்ன செய்கிறது? அழவில்லை. வேண்டுமென்றே தடுக்கி விழுகிறது. எழுந்து மறுபடியும் விழுகிறது. அம்மாவுக்கு வேடிக்கை காட்டுகிறதாம். நோயுற்ற தாயின் ஜன்னலுக்குக் கீழே கோமாளித்தனம் செய்கிற குழந்தை உலகத்தில் எங்கும் இல்லை. குழந்தை என்ற ஒன்றைக் கண்ணாலும் கண்டிராத ஒரு கம்பெனிக் குமாஸ்தா எழுதிய காட்சி இது.'

அந்தக் குமாஸ்தா நான்தான். படத்தில் நான் தனியாக, ஒருத்தர் கையும் படாமல் செய்த காட்சி அது ஒன்றுதான். இரண்டு நிமிடம் பத்து விநாடி. தேடிப்பிடித்து அதைக் கிழித்துத் தோரணம் கட்டியிருக்கிறாய், அதுவும் உன் விமர்சனத்தை வாங்கிப் போடுகிற முப்பத்தொரு ஊர்ப் பத்திரிகைகளில்.

அந்தப் பத்தியைத் திரும்பப் பெற்றுக்கொள். பத்திரிகையில், உன் பெயரோடு. தொலைபேசியில் கூப்பிடாதே. நீ குறுக்கே பேசுவாய், நான் வைத்துவிடுவேன்.

ஆர்லோ

---

துலூத், மின்னசோட்டா
1987 ஜூலை 11

அன்புள்ள ஆர்லோ,

எனக்குக் கை வருகிறது, போட்டிருக்கிறேன். மேற்கொண்டு இந்தக் கடிதத்தில் அன்பு எதையும் தேடாதே.

முதலில் என் கோபம். உன்னுடையது வரிசையில் நிற்கட்டும். சொந்தக்காரர் வேலை செய்த எதையும் விமர்சகர் தொடக்கூடாது என்று எங்கள் பத்திரிகையில் விதி. நாடகத்தில் மைத்துனி திரை இழுத்தாலும் தொடக்கூடாது. நீ ஒரு தபால் அட்டை போட்டிருந்தால் உன் யானைகளை விளையாட்டுச் செய்தி எழுதும் வெர்னன் தலையில் கட்டிவிட்டு நான் தக்காளிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றியிருப்பேன். பதினேழு வருஷ வேலையில் இன்றுதான் நான் விதியை மீறியவள் ஆகியிருக்கிறேன். மீறியது எனக்கே தெரியாமல்! ஆசிரியர் மெரில் ஸ்டாங்லண்டிடம் போய் இதைச் சொல்ல வேண்டும். சொல்லத்தான் போகிறேன். நீ எனக்குச் செய்து வைத்திருக்கிற உபகாரம் இது.

ஏன் சொல்லவில்லை என்று தெரியும். அப்பாவை அடக்கம் செய்துவிட்டு சர்ச்சின் கீழ்த்தள அறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "இன்னும் பொம்மைப் படந்தான் போட்டுக்கிட்டு இருக்கியா?" என்று எல்லார் எதிரிலும் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அதற்காக இரண்டு வருஷம் பேசாமல் இருந்தாய். சரி, அது எனக்கு வேண்டியதுதான். ஆனால் அதற்கும் என்னைக் கண்ணைக் கட்டி உன் படத்துக்குள் தள்ளிவிட்டதற்கும் என்ன சம்பந்தம்?

இப்போது உன் படம். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு முன்காட்சி. குடும்பப் படம் என்றால் விமர்சகர்களைத் தனியாகப் பார்க்க விடுவதில்லை. இருநூறு குழந்தைகளை நிரப்பி நடுவில் எங்களைச் செருகுவார்கள். குழந்தைகள் சிரித்தால் நாங்கள் இளகிவிடுவோம் என்று எண்ணம். வாசலில் ஆளுக்கொரு யானை கொடுத்தார்கள், தும்பிக்கையை அழுத்தினால் தண்ணீர் பீய்ச்சும் யானை. இருநூறு யானைகள், ஆர்லோ. விளக்கு அணைந்த இரண்டாவது நிமிடம் என் இடது காது நிறையத் தண்ணீர். குறிப்பேட்டில் மை கரைந்து ஓடியது. விளம்பரக்காரர் குனிந்து வந்து, "ரொம்ப ஜாலியா இருக்குல்ல மேடம்? குழந்தைங்க எப்படி ரசிக்குதுங்க பாருங்க" என்றார். "அதுங்க ரசிக்குறது என் காதை. உங்க படத்தை ஒண்ணுகூடப் பார்க்கல" என்றேன்.

ஆனாலும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். எழுபத்தொரு நிமிடத்தில், கடையில் பொம்மையாக விற்கிற பதினோரு வண்டிகள் வருகின்றன. ஒவ்வொன்று வரும்போதும் ஒரு யானை, செய்கிற வேலையை நிறுத்திவிட்டு அதன் பெயரைச் சொல்கிறது. "ஆஹா, இதோ மின்னல் ஏணி வண்டி!" ஊர் எரிந்துகொண்டிருக்கிறது! எரிகிற ஊரில் எவன் நின்று வண்டிக்கு அறிமுகம் சொல்லுவான்? முன்வரிசையில் ஒரு தகப்பன் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். வெளியே வரும்போது அவர் மகள் அந்தப் பதினோரு பெயரையும் வரிசையாக ஒப்பித்தாள். அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் ஒன்றரை நட்சத்திரம் என்று முடிவு செய்தேன். அரை நட்சத்திரம் வண்ணங்களுக்காக.

பத்தியைத் திரும்பப் பெற முடியாது. எங்கள் பத்திரிகை அபிப்பிராயத்துக்குத் திருத்தம் போடாது. தகவல் தவறாக இருந்தால் மட்டும் போடும். போன மாதம் மீன்பிடிப் போட்டியில் ஜெயித்த மீனின் இனத்தை மாற்றிப் போட்டதற்கு இரண்டாம் பக்கத்தில் கட்டம் கட்டி வருத்தம் தெரிவித்தோம். என் விமர்சனத்தில் அப்படி ஒரு தகவல் தவறு காட்டு. திருத்தத்தை நானே தட்டச்சு செய்கிறேன்.

டோரீன்

---

பர்பேங்க்
1987 ஜூலை 17

டோரீன்,

எரிகிற ஊரில் வண்டிக்கு அறிமுகம் சொல்லும் வசனம் என்னுடையது இல்லை. அது ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஏழு நிமிடத்துக்குள் ஒரு வண்டி, பெயரோடு. உன் காதில் தண்ணீர் போனதற்கு வருத்தம். கொஞ்சம் சிரித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்களுக்கு இன்னொரு விதியும் உண்டு. பொம்மையின் முகத்தில் இல்லாத எதையும் திரையில் யானை முகத்தில் வரையக்கூடாது. அது அச்சில் வார்த்த பிளாஸ்டிக் முகம். ஆறு யானைக்கும் ஒரே சிரிப்பு. வாய் கீழே வளையக்கூடாது, கண்ணீர் வரக்கூடாது. கடையில் வாங்கின யானையும் திரையில் பார்த்த யானையும் வேறு வேறாக இருந்தால் குழந்தை ஏமாந்துபோகுமாம். இது தெரியாமல் நான் முதலில் துளியை அழவைத்துத்தான் வரைந்தேன். அழகாக அழுதது. முப்பத்தாறு கட்டம். கம்பெனிப் பெண்மணி வந்து சுவரைப் பார்த்தார்.

"துளி அழக்கூடாது ஆர்லோ."

"அம்மா சாகக் கிடக்குறா."

"அது புரியுது. சிரிச்சுக்கிட்டே வருத்தப்படட்டும்."

சொல்லிவிட்டு அவர் சாப்பிடப் போய்விட்டார். முப்பத்தாறு கட்டத்தையும் நானே கழற்றினேன். ஆத்திரத்தில் குண்டூசி விரலில் ஏறியது. மூன்று நாள் வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். மாற்றவே முடியாத சிரிப்போடு ஒரு குழந்தை அம்மாவின் ஜன்னலுக்குக் கீழே நின்று என்ன செய்யும்? நாலாவது நாள்தான் எனக்கு உறைத்தது. இதற்கு விடை எனக்குத் தெரியும். நான் செய்திருக்கிறேன்.

1953 கோடை. அம்மா காசநோய் மருத்துவமனையில் இருந்தாள். பதினாறு வயதுக்குக் கீழே யாரையும் உள்ளே விடமாட்டார்கள். ஞாயிறுதோறும் அப்பா நம்மைக் காரில் கூட்டிப்போய், "ரெண்டு பேரும் புல்வெளியில நில்லுங்க. அம்மா ஜன்னலுக்கு வருவா, கையாட்டுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போவார். முதல் ஞாயிறு அம்மா இரண்டாவது மாடி ஜன்னலில் வந்து நின்றதும் நான் ஓடினேன். ஈரப் புல், வழுக்கி மல்லாக்க விழுந்தேன். நிமிர்ந்து பார்த்தால் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். கண்ணாடி மூடியிருந்ததால் சத்தம் கேட்கவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. அவ்வளவுதான். அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் விழுந்தேன். மரத்தில் முட்டி விழுந்தேன், தொப்பியை மிதித்து விழுந்தேன், ஒன்றுமே இல்லாத இடத்தில் விழுந்தேன். முழங்காலெல்லாம் தோல் போயிருந்தது. பள்ளிக்கூடம்கூட இல்லாத மாதத்தில் யாரோடு சண்டை போட்டேன் என்று அப்பா அதட்டினார். எனக்கும் அழத்தான் வந்தது, டோரீன். ஆனால் அவ்வளவு தூரத்திலிருந்து அழுது காட்டி என்ன பிரயோசனம்? அவளால் கீழே இறங்கி வந்து தூக்க முடியாது.

தகவல் தவறு கேட்டாய். 'உலகத்தில் எங்கும் இல்லை' என்று எழுதியிருக்கிறாய். இருந்தான். உன்னோடு ஒரே காரில் வந்தவன்.

இதை இப்போது சொல்வதற்குக் காரணம் உண்டு. இலையுதிர் காலத்தில் படத்தை வீடியோ நாடாவாக வெளியிடுகிறார்கள். அதற்கு இரண்டு நிமிடம் குறைக்க வேண்டுமாம். "விமர்சகர்களே பொய்னு சொல்ற காட்சிதானே, அதையே தூக்கிடலாம்" என்று உன் பிரதியை விரலால் தட்டிக் காட்டினார்கள். முப்பதாம் தேதி முடிவு. வண்டிகளில் ஒன்றைக்கூட எடுக்கமாட்டார்கள்.

ஆர்லோ

---

துலூத்
1987 ஜூலை 22

ஆர்லோ,

இது மட்டமான வேலை. வாதத்தில் தோற்றால் செத்துப்போன அம்மாவைச் சாட்சிக்குக் கூப்பிடுவாயா?

அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் வந்தேன். எனக்குப் பத்து வயது, உனக்கு ஆறு. நீ ஒருமுறை விழுந்துகூட நான் பார்க்கவில்லை. அந்த வயதில் நீ சமையலறை அலமாரிக்குள் கரடி இருக்கிறதென்று சொல்லி ஊரைக் கூட்டியவன். உன் படத்துக்காக இட்டுக்கட்டிய காட்சியை உன் ஞாபகத்துக்குள்ளேயே கொண்டுபோய் வைத்துவிட்டு, அதை என்னிடம் தகவல் என்று நீட்டாதே.

டோரீன்

---

துலூத்
1987 ஜூலை 26

அன்புள்ள ஆர்லோ,

புதன்கிழமை போட்ட கடிதத்தைக் கிழித்துவிடு. தபால் பெட்டியில் போட்ட கையோடு திரும்ப எடுக்க முடியுமா என்று பார்த்தேன். விரல்தான் மாட்டிக்கொண்டது.

நான் பார்க்கவில்லை என்று எழுதினேன். அது உண்மை. ஏன் பார்க்கவில்லை என்பதை எழுதவில்லை. நான் காரைவிட்டு இறங்கவே இல்லை. ஒரு ஞாயிறும் இறங்கவில்லை. பின்சீட்டில் கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டு, நூலகப் புத்தகத்தை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே அடுப்பாக வெந்தது. நீ வந்து கதவைத் தட்டி, "வா டோரீன், அம்மா நிக்குறா" என்று கூப்பிட்டது ஞாபகம் இருக்கிறது. "நீ போ" என்றேன். பிறகு நீ என்ன செய்தாய் என்று எனக்குத் தெரியாது. நான் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

கோபம், ஆர்லோ. உனக்கு ஞாபகம் இருக்காது. அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன காலையில் நீ தூங்கிக்கொண்டிருந்தாய். நான் ஓடிப்போய் முத்தம் கொடுக்கப் போனேன். அவள் இரண்டு கையாலும் என்னைத் தள்ளிவிட்டாள். கொஞ்சம் பலமாகவே தள்ளினாள். நான் அலமாரியில் இடித்துக்கொண்டேன். "கிட்ட வராதே" என்று கத்தினாள். வியாதி ஒட்டிக்கொள்ளும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அப்பாவும் சொல்லவில்லை. அந்தக் காலத்து ஆட்கள் குழந்தைக்கு எதைச் சொன்னார்கள்? என்னைத் தள்ளிவிட்டவளைப் பார்த்து நான் ஏன் கையாட்ட வேண்டும் என்று இருந்துவிட்டேன். நவம்பரில் அவள் போய்விட்டாள். காரணம் எனக்குப் புரிந்தபோது பதினான்கு வயது. பள்ளியில் சுகாதாரப் பாடத்தில், பக்கம் திருப்பிக்கொண்டிருக்கும்போது புரிந்தது. அன்று வகுப்பில் எழுந்து ஆசிரியையைப் பார்த்துக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று யாருக்கும் விளங்கவில்லை.

உன் காட்சி வந்தபோது திரையரங்கில் எனக்கு மூச்சு முட்டியது. அதையும் சொல்லிவிடுகிறேன். குழந்தைகள் சுற்றிலும் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்கள், எனக்கு எழுந்து ஓட வேண்டும்போல் இருந்தது. பிடிக்காத படத்தைப் பார்த்து எனக்கு ஒருநாளும் மூச்சு முட்டியதில்லை, கொட்டாவிதான் வரும். அதைச் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சந்தேகப்படாமல் 'ஆகப் பொய்யான இடம்' என்று எழுதிவிட்டு வீட்டுக்கு வந்து நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

மெரிலிடம் நாளைக் காலை பேசுகிறேன். உன் கூட்டம் முப்பதாம் தேதி என்கிறாய், அதற்குள் ஏதாவது செய்ய முடியுமா என்று தெரியவில்லை. கம்பெனிக்குத் தந்தி கொடுத்திருக்கிறேன். அந்தக் காட்சியைப் பற்றி நான் எழுதியதை ஆதாரமாக வைத்துக்கொள்ளக் கூடாது, எழுதியவள் அதற்குத் தகுதி இல்லாதவள் என்று.

ஒன்று மட்டும் கேட்கிறேன், மழுப்பாமல் சொல். அம்மா நிஜமாகவே சிரித்தாளா?

டோரீன்

---

பர்பேங்க்
1987 ஆகஸ்ட் 1

டோரீன்,

உன் தந்தியைக் கூட்டத்தில் சத்தமாகப் படித்தார்கள். "இந்தம்மாவுக்கு என்னதான் வேணுமாம்?" என்றார் ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள். நான் எழுந்து, "அது என் அக்கா" என்றேன். சிரிப்பு நின்றது. அப்புறம் கையெழுத்துப் போட்டார்கள். காட்சி போய்விட்டது. துளி மருத்துவமனையைப் பார்க்கிறது, வெட்டு, அடுத்த கட்டத்தில் அம்மா குணமாகி வெளியே வந்து நிற்கிறாள். அதே சிரிப்போடு. நான் எதிர்த்துப் பேசிய பேச்சில் அடுத்த படத்துக்கு என்னைக் கூப்பிடுவார்களா என்று தெரியவில்லை. அது ஒரு பறக்கும் டிராக்டர் பொம்மை. கூப்பிடாவிட்டால் சந்தோஷம்.

உன்மேல் இப்போது கோபம் இல்லை என்று எழுத நினைத்தேன். இருக்கிறது. கொஞ்சம் குறைந்திருக்கிறது.

நீ கேட்டதற்குப் பதில். சிரித்தாள். நிஜமாகவே சிரித்தாள். நான் விழும்போதெல்லாம் சிரித்தாள்.

மழுப்பாமல் சொல் என்றாய், அதனால் மிச்சத்தையும் சொல்கிறேன். விழுந்து எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு நிமிர்ந்து பார்ப்பேன். அப்போது அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டாள். என் தலைக்கு மேலே, காரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒவ்வொரு முறையும். நான் மறுபடி விழுந்தால்தான் கண்ணைத் திருப்புவாள். அதனால்தான் அத்தனை முறை விழுந்தேன், வேறென்ன? ஒன்பது ஞாயிறும் அவளை உன்னிடமிருந்து என் பக்கம் இழுக்கப் பார்த்தேன். என்னால் முடியவில்லை. கண்ணாடி ஏற்றிய காரிடம் தோற்றுக்கொண்டிருந்தேன்.

உனக்கு அது தெரியவே தெரியாது என்பது இந்த வாரம்தான் எனக்குத் தெரிந்தது. இத்தனை வருஷமாக, தெரிந்தேதான் உட்கார்ந்திருந்தாய் என்று நினைத்தேன். அவள் பார்க்கிறாள் என்று தெரிந்து, அவளைத் தண்டிக்கிறாய் என்று. சர்ச்சின் கீழ்த்தள அறையில் நீ அந்தக் கேள்வியைக் கேட்டபோது எனக்கு வந்தது அந்தப் பழைய கோபம்தான். சாண்ட்விச்சைக் கீழே வைத்துவிட்டு நேராக விமான நிலையத்துக்குப் போனேன்.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். படத்தில் நான் காரை வரையவில்லை. தாய் யானை குட்டியை மட்டும் பார்க்கிற மாதிரி வரைந்தேன், ஆரம்பம் முதல் முடிவு வரை, கண்ணெடுக்காமல். அப்படி நடக்கவில்லை. எனக்கு அப்படி வேண்டியிருந்தது. நீ பொய் என்று எழுதியது முழுக்கத் தப்பில்லை. எந்த இடத்தில் பொய் என்பதில்தான் கோட்டை விட்டாய்.

திருத்தம் வேண்டாம். இனி அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

ஆர்லோ

---

துலூத்
1987 ஆகஸ்ட் 9

அன்புள்ள ஆர்லோ,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. அலுவலகத்துக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு மறுநாள் முழுக்க வீட்டில் இருந்தேன். அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. எழுத வராது. அவள் காரைப் பார்த்தாள் என்பதை எனக்கு யாராவது முப்பத்து நாலு வருஷத்துக்கு முன்னால் சொல்லியிருக்கலாம். நீயே சொல்லியிருக்கலாம்! கதவைத் தட்டினாயே, இன்னும் பலமாகத் தட்டியிருக்கக் கூடாதா? பார், ஆறு வயதுக் குழந்தையிடம் சண்டைக்குப் போகிறேன்.

நேற்று உன் படத்தை மறுபடி பார்த்தேன். இங்கே எடுத்துவிட்டார்கள். பாலம் தாண்டி, பக்கத்து ஊரான சுப்பீரியரில் ஒரு பழைய கொட்டகையில் இன்னும் ஓடுகிறது. இரண்டு மணி ஆட்டம், மொத்தம் பதினோரு பேர், யாரிடமும் தண்ணீர் யானை இல்லை. துளி முதல்முறை விழுந்ததும் எனக்குப் பின்னால் ஒரு சிறுமி கெக்கலித்துச் சிரித்தாள். மூன்றாவது முறை விழுந்தபோது சிரிப்பை நிறுத்திவிட்டு, "அம்மா, அது அவங்க அம்மாவுக்காக விழுது" என்றாள். "ஆமாடி, சும்மா பாரு" என்றது அவள் அம்மாவின் குரல். நாலு வயதுப் பெண்ணுக்குப் புரிந்தது பதினேழு வருஷ விமர்சகருக்குப் புரியவில்லை. இந்த முறை கடைசிவரை உட்கார்ந்திருந்து எல்லாப் பெயரையும் படித்தேன். உன் பெயரில் ஓர் எழுத்தை விட்டிருக்கிறார்கள். அதற்கு அவர்கள் மேல் வழக்குப் போட வேண்டும்.

படம் இன்னும் மோசம்தான். இரண்டாவது முறை பார்க்கும்போது அந்த வண்டிகள் இன்னும் வதைக்கின்றன. நட்சத்திரத்தைக் கூட்டமாட்டேன், எதிர்பார்க்காதே.

திருத்தம் வேண்டாம் என்கிறாய். நீ வேண்டாம் என்று சொன்னால் ஆயிற்றா? அச்சில் இருக்கிற தவறு என்னுடையது. மெரில் விடுப்பு முடிந்து வெள்ளிக்கிழமைதான் வந்தார், அன்றே கொண்டுபோய்க் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

"டோரீன், இது திருத்தமா, பாவமன்னிப்பா?"

"தகவல் தவறு. 'எங்கும் இல்லை'ன்னு எழுதிட்டேன். இருந்திருக்கான்."

"இதை எப்படிச் சரிபார்க்கிறது? சாட்சி யாரு?"

"ஒருத்தன் கலிஃபோர்னியாவுல இருக்கான். இன்னொருத்தி கார்ல உட்கார்ந்திருந்தா."

மெரில் பேனாவால் தாளின் அடியைத் தட்டினார். "கடைசி ரெண்டு வரியை எடுத்துடலாமே. உனக்கு நல்லது" என்றார். எடுத்தால் வேலையை விடுகிறேன் என்றேன். உண்மையாகவே விட்டிருப்பேன். "சரி சரி, கத்தாதே" என்று ஓரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். சொந்தக்காரர் படத்தைத் தொட்டதற்காக ஒரு மாதம் விமர்சனம் எழுதக் கூடாது என்றும் உத்தரவு. அது நியாயம்தான்.

செவ்வாய்க்கிழமை இரண்டாம் பக்கத்தில் வருகிறது. வாரக் கடைசிக்குள் மற்ற முப்பது பத்திரிகைகளிலும் வந்துவிடும். உன் கம்பெனிக்காரர்கள் பதினாலு பிரதி எடுத்துக்கொள்ளட்டும். அச்சுப்படியை உனக்கு இத்துடன் வைத்திருக்கிறேன்.

உன் அக்கா
டோரீன்

*திருத்தம்*

*ஜூன் 26 அன்று வெளியான 'அவசர யானைகள்' திரை விமர்சனத்தில், நோயுற்ற தாயின் ஜன்னலுக்குக் கீழே விழுந்து வேடிக்கை காட்டும் குழந்தை உலகத்தில் எங்கும் இல்லை என்று எழுதப்பட்டிருந்தது. இது தவறு. 1953 கோடையில் ஒன்பது ஞாயிற்றுக்கிழமைகள் ஒரு குழந்தை அவ்வாறு செய்தது. அக்குழந்தை, இப்படத்தின் கதைச் சித்திரப் பிரிவில் பணியாற்றிய ஆர்லோ டிரேக்சல். அவர் விமர்சகரின் தம்பி என்பதும் அப்போது குறிப்பிடப்படவில்லை. தவறுகளுக்கு வருந்துகிறோம். விமர்சகர் அந்த ஒன்பது ஞாயிறும் முப்பது அடி தூரத்தில், காருக்குள் இருந்தார். ஒருமுறையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.*